வாயில் மறுத்தல்: விசிட்டர் நோட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

வேண்டாத ஆளை வாசலிலேயே நிறுத்துவது தமிழருக்குப் புதிதன்று. தலைவனுக்காகத் தூது வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு அகத்திணையில் 'வாயில் மறுத்தல்' என்றே ஒரு துறை உண்டு. வாயில்கள் பன்னிரண்டு என்று தொல்காப்பியர் கணக்கும் கொடுத்திருக்கிறார். கிண்டியில் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அலுவலகத்துக்கு இருப்பது ஒரே வாயில். அங்கே ஒரு மேசை, ஒரு செக்யூரிட்டி அண்ணன், ஒரு விசிட்டர் நோட்டு. மூலநூல் இதுவே.

நோட்டில் எட்டுக் கட்டங்கள். வரிசை எண், பெயர், ஊர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 'வந்த காரணம்' என்ற இடத்தில் முதல் ஆள் 'பர்சனல்' என்று எழுத, அடுத்து வந்த 16 பேரும் கீழே மேற்படிக் குறி போட்டுவிட்டார்கள் (பக். 43). கூறியது கூறலை நன்னூல் குற்றம் என்கிறது. இவர்கள் கூறாமலே கூறியதால் குற்றமில்லை என்க.

இனி, பேனாவைக் கட்டிய நூல். நூல் என்றது புத்தகத்தை என்பர் ஒரு சாரார். பொருந்தாது, அதை இழுத்துப் பார்த்தவன் நான். மேசைக் காலில் முடிந்திருக்கும் அந்த நூல் 'பெயர்' வரை எட்டும், 'கையொப்பம்' வரை எட்டாது. நோட்டை இழுக்கலாம் என்றால் அதன்மேல் அண்ணனின் முழங்கை. கையெழுத்தில்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஆகவே வேண்டாதவரைத் தடுப்பது அண்ணனன்று, நூலே என்பது என் துணிபு (பக். 43, டீக்கறைக்கு வலப்புறம்). வேண்டியவர் வந்தால் முழங்கை எழும், இது வழுவமைதி. நூலின் ஆதி நீளம் முழமா சாணா என்பதற்கு, பின்னட்டை உட்புறத்தில், யாரோ ஒரு டிரைவர் காத்திருந்த நேரத்தில் போட்ட பெட்ரோல் கணக்குக்கும் எலி கடித்த மூலைக்கும் நடுவே, பாதி அழிந்த சான்று ஒன்று கிடைக்கிறது. அது மளிகைச் சீட்டு என்று மறுப்பவர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். இனி அவரோடு பேச முடியாது.

மறுக்காததன் கேடு சிலப்பதிகாரத்தில் உள்ளது. கண்ணகி வந்து நின்றதும் பாண்டியனின் வாயிலோன் உள்ளே ஓடி, கொற்றவை அல்லள், காளி அல்லள் என்று அவள் யாரல்லள் என்ற பட்டியலை ஒப்பித்தான். கையில் உள்ள பொருள்: சிலம்பு ஒன்று. அதுவரை சரி, பெயரைக் கேட்கவே இல்லை. 'ஐயா மீட்டிங்ல இருக்காரும்மா, நாளைக்கு வாங்க' என்றிருந்தால் மதுரை தப்பியிருக்கும். புறநானூறு 206இல் ஔவையார் வாயிலோனைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளுகிறார். அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தினானாம். அவனும் மீட்டிங்கில் இருந்திருக்கலாம்.

உள்ளே விடக் கூடாதவர்களின் பெயர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் போட வருகிறவர் அதைப் புரட்டிப் பார்த்து, தன் பெயர் இருந்தால் வேறு பெயர் எழுதுகிறார். கிரெடிட் கார்டு பையன் ஒரே மாதத்தில் நான்கு பெயரில் வந்திருக்கிறான்; எழுத்து ஒன்றுதான். ஔவையார் ஒருவரா பலரா என்று சண்டை போடுகிறவர்கள் முதலில் இந்த நோட்டைப் பார்க்க வேண்டும்.

நடுவில் டேப்லெட் வைத்தார்கள். சார்ஜ் இல்லை.

ஆய்வுக்குப் போன அன்று 'வந்த காரணம்' கட்டத்தில் நான் 'ஆராய்ச்சி' என்று எழுதினேன், நூலையும் இழுத்தேன். இப்போது என் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போய்வரும் வாசகர் யாராவது இருந்தால் 43ஆம் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். டீக்கறை தெரிய வேண்டும்.