மூவாயிரத்து அறுநூறு ஆசாமி

டெட்ராய்ட் நகரிலிருந்து வடக்கே போண்டியாக் வரை நீளும் உட்வர்ட் அவென்யூவில், ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை போய் நின்றால் இவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. 1995 முதல் ஆண்டுதோறும் அங்கே பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. ஜனங்கள் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பளபளக்கும் வண்டிகளைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். நம்மவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்னலில் கிளம்பும் வண்டிகளின் எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து, "இது 2800 ஸ்டால்", "இது கம்பெனி கன்வெர்ட்டர், பாவம்" என்று ஜாதகம் கணித்துக்கொண்டிருக்கிறார்.

இவருக்கு நாற்பதுக்கு மேல், அறுபதுக்குள் வயது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. கார், 2000-ஆம் ஆண்டு செவ்ரோலே கமாரோ, 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின். நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அதில்தான் ஆபீஸ் போகிறார், பெண்ணைப் பள்ளியில் இறக்குகிறார், பால் வாங்கி வருகிறார். வருஷத்துக்கு இரண்டு முறை கால் மைல் பந்தயத் தடத்துக்கும் போகிறார். தடத்தின் நீளம் 402 மீட்டர். அதைக் கடக்க அவர் வண்டிக்குப் பதின்மூன்று விநாடி சொச்சம். கூட்டிப் பார்த்தால், வருஷத்தில் அவர் பந்தய வீரராக இருப்பது சில நிமிஷங்கள்தான். மிச்ச நேரமெல்லாம் கணக்கர், தகப்பனார், பால் வாங்குபவர். ஆனால் தம்மைப் பற்றி அவர் வைத்திருக்கும் அபிப்பிராயம் முழுவதும் அந்தச் சில நிமிஷத்துக்குள்தான் குடியிருக்கிறது.

அபிப்பிராயத்துக்கு ஏற்ற கன்வெர்ட்டர் வேண்டாமா?

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும், எண்ணெய் நிரம்பிய உருண்டைக் கூடுதான் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே எஞ்சினோடு சுற்றும் பம்ப் எண்ணெயை வீசுகிறது. அந்த வீச்சில் எதிரே உள்ள டர்பைன் சுழன்று கியர்பாக்ஸை ஓட்டுகிறது. இரண்டுக்கும் இடையே ஸ்டேட்டர். திரும்பி வரும் எண்ணெயைச் சரியான பக்கம் மடக்கிவிட்டு, கிளம்பும் நேரத்து முறுக்கு விசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்குவது அதன் வேலை. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அவர் வேலை பார்த்தது ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில். கப்பலின் நீராவி டர்பைனையும் புரொப்பெல்லரையும் இணைப்பதுதான் அவர் நோக்கம். மனைவி இதை எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னபோது நம்மவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"பார்த்தியா? கம்பெனி கன்வெர்ட்டர் ஏன் கப்பல் மாதிரி கிளம்புதுன்னு இப்பத்தான் புரியுது!"

கியர் போட்ட வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், எஞ்சின் எந்தச் சுற்று வரை ஏறி நிற்கிறதோ அதுதான் ஸ்டால். கம்பெனி வைத்து அனுப்புவது நிமிஷத்துக்கு 1800 சுற்றை ஒட்டி. எஞ்சினின் முழு முறுக்கோ 4000 சுற்றில்தான் வருகிறது. கிளம்பும்போதே எஞ்சினை அந்த இடத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி பாயும். இதற்காக 12 அங்குல விட்டமுள்ள கம்பெனி கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, 9.5 அங்குலத்தில் ஒன்றைப் போடுகிறார்கள். இதுவரைக்கும் நியாயமான ஆசைதான். நம்மவருக்கு அந்த எண் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டமாகிவிட்டது என்பதுதான் கோளாறு. 2800 என்றால் இளங்கலை. 3200 முதுகலை. 3600 என்றால் முனைவர்.

"அப்போ 3600 சுற்று வந்தாத்தான் வண்டி நகருமா? பள்ளிக்கூட வாசல்ல எல்லாரும் நம்மளையே பார்ப்பாங்களே!" என்று மனைவி பயந்தார்.

"அப்படியெல்லாம் இல்லை. லேசா மிதிச்சா கீழ் சுற்றிலேயே நகரும். முழுக்க மிதிச்சாத்தான் அந்த எண்" என்று விளக்கினார். விளக்கம் சரிதான். பாடத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார். லேசாக மிதித்தாலும் எஞ்சின் முன்னால் ஓடும், வண்டி பின்னால் வரும். நடுவே வழுக்குவதெல்லாம் எண்ணெயில் சூடாக இறங்கும். நெடுஞ்சாலையில் கவலையில்லை. மணிக்கு 110 கிலோமீட்டரில் எஞ்சின் 2000 சுற்றை ஒட்டி, ஸ்டால் எண்ணுக்கு வெகு கீழேதான் ஓடும் என்றாலும், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொண்டு வழுக்கலை நிறுத்திவிடும். ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போது அது பூட்டாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஓர் எண்ணெய்க் கூலரை வைத்துவிட்டுத்தான் மற்றப் பேச்சையே எடுப்பார்கள். நம்மவர் முதலில் வாங்கியது பின் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர்.

பிறகு வந்தது அந்த ஃபாரம். கன்வெர்ட்டர் செய்பவர்கள் எண்ணைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். வண்டியின் எடை, எஞ்சினின் பலம், கேம் ஷாஃப்ட், பின் ஆக்ஸில் கியர் விகிதம், டயர் அளவு, வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். வருமான வரிப் படிவத்தைக்கூட நம்மவர் நேர்மையாக நிரப்புகிறவர். இதில் அவருடைய கற்பனை சிறகு விரித்தது.

ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடை: கல்யாணத்தன்றைய தம் எடையைச் சேர்த்துக்கொண்டார். பயன்பாடு: "சாலை 50 சதவீதம், பந்தயம் 50 சதவீதம்." பால் கடையும் பள்ளிக்கூடமும் அடிபட்டுப் போய்விட்டன. முறுக்கு விசை: கம்பெனிக் கணக்கு 335 பவுண்டு-அடி. அதன் பிறகு ஏர் ஃபில்டர் மாற்றியிருக்கிறார், சைலன்ஸர் மாற்றியிருக்கிறார். அதற்காக 430 என்று போட்டார். முழுசாக நூறு கூட்டினால் பொய் மாதிரித் தெரியுமாம். அதனால் ஐந்தைக் குறைத்துக்கொண்டார். வேண்டிய ஸ்டால்: 3600.

பெட்டி வந்தது. கியர்பாக்ஸை இறக்கி, புதிய கன்வெர்ட்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, கியர்பாக்ஸின் பம்புக்குள் அது முழுசாக உட்காரும் வரை சுற்றிச் சுற்றி அமுக்கி மாட்டினார்கள். அரைகுறையாக உட்கார்ந்தபடி போல்ட்டை முறுக்கினால் பம்ப் நொறுங்கிவிடும். வீட்டு வாசலுக்கு வண்டி வந்ததும் நம்மவர் முதலில் தேடியது, ஆளில்லாத நேரான சாலை.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பார்த்தால் பின் டயர்கள் வழுக்கிச் சுற்றிவிடும், எண் தெரியாது. ஆகவே மெதுவாக ஊரும் வண்டியில் சட்டென்று முழுக்க மிதித்து, டேக்கோமீட்டர் முள் எங்கே தாவி நிற்கிறது என்று பார்த்தார். ஃப்ளாஷ் ஸ்டால் என்பது இதுதான். முள் 3200-க்குத் தாவியது. மறுபடி மிதித்தார். 3200. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மிதித்தார். முள்ளுக்குத் தாட்சண்யமே இல்லை.

உடனே போனை எடுத்தார். "3600-க்குப் பணம் வாங்கிட்டு 3200 அனுப்பியிருக்கீங்களே, இது நியாயமா?"

அந்தப் பக்கத்துக் குரல் இதைப்போல் எத்தனையோ பேரைப் பார்த்த குரல். "சார், ஸ்டால்ங்கிறது பெட்டிக்குள்ள மட்டும் இருக்கிற எண் இல்லை. ஒரே கன்வெர்ட்டர் பலமான எஞ்சின்ல மேலே ஏறும், சாதா எஞ்சின்ல கீழே நிக்கும். நீங்க 430-னு எழுதினீங்க. அந்த எஞ்சின் 3600-ஐத் தாண்டாதபடி இறுக்கிச் செஞ்சோம். உங்க வண்டியோட பலத்தை அளந்த டைனோ ரிப்போர்ட் இருந்தா அனுப்புங்க. கூட்டைத் திறந்து எண்ணை மாத்தித் தர்றோம். ஒரு தடவை இலவசம்தான்."

கணக்கு நம்மவருக்குத் தெரியாததல்ல. ஒரு கன்வெர்ட்டரின் ஸ்டால், முறுக்கு விசையின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். 335-ஐ 430-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 3600-ஆல் பெருக்கினார். 3180-க்குச் சற்றுக் குறைவாக வந்தது. முள் சொன்னதும் அதுதான். டைனோ ரிப்போர்ட் அனுப்புவது என்றால், கூட்டிப் போட்ட தொண்ணூற்றைந்தையும் கூடவே பார்சல் கட்டி அனுப்ப வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

யோசிக்கிற வாரங்களில் ஒன்று நடந்தது. வண்டி நன்றாக இருந்தது. சிக்னலில் பாய்ந்து கிளம்பியது. பள்ளிக்கூட வாசலில் அடக்கமாக ஊர்ந்தது. பால் வாங்கப் போன மனைவி எதுவும் சொல்லாமல் சாவியை மேஜைமேல் வைத்தார். அந்த வீட்டில் அது பாராட்டு. பாதி நேரம் பந்தயம் என்று எழுதிய பொய் எண்ணை மேலே இழுத்திருந்தது. எஞ்சினைப் பற்றி எழுதிய பொய் அதைக் கீழே தள்ளியிருந்தது. இரண்டு பொய்யும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதில், மிச்சம் நின்றது அவர் வண்டிக்கு வேண்டிய எண்.

இப்போது நம்மவர் ஆளே மாறிவிட்டார். உட்வர்டில் 3600 என்று யாராவது மார்தட்டினால் பரிதாபமாகச் சிரிக்கிறார். "தினசரி ஓட்டுகிற வண்டிக்கு 3200-க்கு மேல் போடக்கூடாது தம்பி. நான் வேணும்னேதான் இதை எடுத்தேன். அனுபவம் இருந்தாத்தான் இந்த அடக்கம் வரும்" என்று புதியவர்களுக்கு உபதேசம் செய்கிறார். போன வாரம் ஓர் இளைஞன் நிரப்பாத ஃபாரத்தோடு அவரிடம் யோசனை கேட்டு வந்தான். எஞ்சின், எடை, டயர் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார். எழுதி முடித்ததை வாங்கிப் பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, முறுக்கு விசைக் கட்டத்தில் மட்டும் தம் கையாலேயே தொண்ணூற்றைந்து கூட்டிக் கொடுத்தார்.