திருப்பியனுப்புதலின் இலக்கணம்: ஓர் அடக்கமான ஆய்வு

வெப் அப்ளிகேஷனுக்கு வரும் ரிக்வெஸ்ட், தான் தேடிவந்த வியூவைப் பார்ப்பதற்கு முன் மிடில்வேர் என்னும் வாசல்காரர்களைத் தாண்டியாக வேண்டும். அவர்கள் உள்ளே விடலாம். ‘இங்க இல்ல, அந்த கவுன்ட்டருக்குப் போங்க’ என்று திருப்பியும் விடலாம். இந்த இரண்டாம் தொழிலே ஈண்டு ஆராயப்படுகிறது.

திருப்பியனுப்பும்போது பதிலில் வைக்கும் எண்கள் ஐவகைப்படும்: 301, 302, 303, 307, 308. முதலிரண்டும் 1996-இல் வெளிவந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே உள்ளவை. 301 நிரந்தரம்; 302 தற்காலிகம். ஃபார்மைச் சுமந்து போஸ்ட்டாக வந்த ரிக்வெஸ்ட் போஸ்ட்டாகவே போகவேண்டும் என்பது விதி. பிரவுசர்களோ அதை, வெறுமனே பக்கத்தைக் கேட்கும் கெட் ஆக்கிக்கொண்டு போயின. நிரப்பிய ஃபார்ம் வழியிலேயே தொலைந்தது. பிரவுசரைத் திருத்துவதைவிட எண்ணைக் கூட்டுவது எளிது என்று கண்ட சான்றோர், ‘கெட் ஆகவே போ’ என்பதற்கு 303-ஐயும், ‘மாறாமல் போ’ என்பதற்கு 307-ஐயும் படைத்தனர். 301-க்கும் அதே நோய்தான். அதன் மருந்தான 308 வருவதற்கு 2014 ஆகிவிட்டது.

இனி, களஆய்வு.

பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஒருவர் சொந்தமாக மிடில்வேர் எழுதுகிறார்: லாகின் செய்யாத எவரையும் லாகின் பக்கத்துக்கு அனுப்பு. நாலே வரி. ஆனால் லாகின் பக்கத்துக்கு வருபவரும் லாகின் செய்யாதவர்தானே? அவரையும் அங்கேயே அனுப்புகிறது. திரும்பிவர வேண்டிய முகவரியும் ‘நெக்ஸ்ட்’ என்ற பெயரில் கூடவே போவதால், முகவரிக்குள் முகவரி முளைக்கிறது. உள்ளே இருக்கும் கேள்விக்குறி முதலில் %3எஃப் ஆகிறது, அடுத்த சுற்றில் %253எஃப், அதற்கடுத்து %25253எஃப்.

இந்தச் சுழலில் பொறுமையின் அளவும் எண்ணால் நிறுவப்பட்டிருக்கிறது. குரோம் 20 திருப்பங்களில் கைவிடும்; பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் 30 வரை தாங்கும்; பின்தொடரச் சொன்னால் கர்ல் என்னும் கமாண்ட்-லைன் கருவி 50 வரை போகும்.

பரிகாரம் லாகின் முகவரியை விலக்குவது. ஸ்டாட்டிக் ஃபைல்களும் அதே வாசல் வழியாக வருமானால் அவற்றையும் விலக்க வேண்டும்; மறந்தால் சிஎஸ்எஸ் ஃபைலும் லாகினுக்குத் திருப்பப்பட்டு, பக்கம் அலங்காரமின்றி நிற்கும். வரிசையும் முக்கியம். யூசர் யார் என்று ஒட்டிவிடும் ஆதென்டிகேஷன் மிடில்வேருக்குக் கீழேதான் நாம் எழுதியது இருக்க வேண்டும். மேலே வைத்தால், யூசர் என்று ஒன்றே இல்லை என்று பைத்தான் எர்ரர் காட்டும்.

2024-இல் வந்த ஜாங்கோ 5.1 இந்த மிடில்வேரைத் தானே தருகிறது. அதன் லாகின் வியூவுக்கு முன்கூட்டியே விலக்கும் அளித்திருக்கிறது. ஆகவே களஆய்வு இத்துடன் நிறைவுறுகிறது. திருப்பியனுப்பும் எண்களின் வரிசையில் 306-க்கு மட்டும் வேலை ஏதும் தராமல், அதை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல், ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அது தனி ஆய்வேட்டுக்கு உரியது.