லென்ஸுக்கு வரன் பார்க்கிறவர்

பறவைகளைப் படம் எடுக்க 600 எம்.எம். லென்ஸை அவர் ஒரே மாலையில் வாங்கிவிட்டார். விலை பத்து லட்சத்துக்கு மேல், கை நடுங்கவில்லை. அதை வைத்துக்கொள்ள ஒரு பெட்டி வாங்குவதுதான் மூன்றாம் வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் வரன் தேடுகிற அதே சிரத்தை, அதே சந்தேகம். ஒன்று நல்ல இடம்தான், ஆனால் ஜிப் கரகரக்கிறது. இன்னொன்றில் எல்லாம் சரி, நிறம்தான் வெயிலை இழுக்கும். ஜாதகம் மாதிரி ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். லென்ஸ் தனியாக, ஹுட்டைக் கவிழ்த்து மாட்டி, நேராக மாட்டி, கேமராவோடு சேர்த்து, நடுவில் கன்வெர்ட்டரும் வைத்து என்று அதில் ஐந்து நீளங்கள். ஐந்துக்கும் கச்சிதமாகப் பொருந்துகிற பெட்டி உலகத்தில் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். பொருந்திவிட்டால் தேடுவதை நிறுத்த வேண்டியிருக்குமே! மற்றபடி தங்கமான மனிதர். உள்ளான் பறவையில் எத்தனை வகை என்று கேட்டால் சொல்வார், டீக்குக் காசும் கொடுப்பார்.

அவர் மனம் கடைசியில் போய் நிற்பது பெலிகன் 1510 என்ற கெட்டிப் பெட்டியில். 1976இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. பெட்டியின் உறுதியில் குறை சொல்ல முடியாது. ஐ.பி. 67 தரம். அதாவது தூசி நுழையாது. ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நனையாது. காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு வால்வுகூட உண்டு. அந்த வால்வைப் பற்றித் தாம்பரத்தில் ஆரம்பித்தால் பரனூர் டோல்கேட் வரைக்கும் ஓயமாட்டார். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கேனனின் 600 எம்.எம். எஃப்/4 லென்ஸ் 1999இல் 5.36 கிலோ இருந்தது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு 3.05 கிலோ. இருபது வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு பொறியாளர்கள் இரண்டு கிலோ சொச்சத்தைக் குறைத்தார்கள். இவர் ஃபோமோடு சுமார் 6 கிலோ எடையுள்ள பெட்டியை வாங்கி அதை வட்டியும் முதலுமாகத் திரும்ப ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறார். விமானத்துக்குத் தோதாக இருக்கும் என்பது அவர் வாதம். உள்நாட்டு விமானத்தில் கைப்பெட்டிக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. ஆக, லென்ஸைப் பாதுகாக்கிற பெட்டியைத் தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம், லென்ஸ் இல்லாமல்.

பத்து லட்சத்துப் பொருளுக்கு ஜாக்கிரதையாக இருப்பது தப்பா என்று கேட்கலாம். தப்பே இல்லை. லக்கேஜோடு போட்டுத் தீரவேண்டிய பயணம், ஜீப்பின் பின்புறத்தில் நாள் முழுக்கக் குலுங்குகிற காட்டுப்பாதை, படகுச் சவாரி என்றால் கெட்டிப் பெட்டிதான் சரி. ஆனால் பெட்டியை நடக்கக்கூடிய ஆபத்துக்குத் தக்கபடி அல்லவா வாங்க வேண்டும்? இவர் கற்பனைக்கு எட்டிய ஆபத்துகளிலேயே பெரியது எதுவோ அதற்கு வாங்குகிறார். அவர் போவது வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும். வேடந்தாங்கலில் கார் நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்கரை கூப்பிடு தூரம். பள்ளிக்கரணையில் சாலையோரத்தில் நின்றே படம் எடுக்கலாம். இந்த இரண்டு இடத்திலும் லென்ஸ் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடக்க வேண்டுமானால் அவரே கூடக் குதித்தால்தான் உண்டு.

நம் ஊரில் லென்ஸுக்கு உண்மையான எதிரி பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நீடித்தால், கண்ணாடிக்குள் நூல் நூலாகப் படர ஆரம்பிக்கும். சென்னையில் மார்கழி விடியலில் 80 சாதாரணம். அந்தக் காற்றில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, பனி ஒட்டிய ஹுட்டோடு லென்ஸைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து நான்கு பக்கமும் அழுத்தி மூடினால் என்ன ஆகும்? வெளி ஈரம் உள்ளே வராது என்பது உத்தரவாதம். உள்ளே போன ஈரம் வெளியே வராது என்பதும் அதே உத்தரவாதம்தான். ஃபோம் வேறு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறேனே என்பார். போட்டிருக்கிறார், செருப்புப் பெட்டியோடு வந்த பொட்டலம். அது குடிக்க வேண்டிய ஈரத்தை எல்லாம் கடையிலேயே குடித்து முடித்திருக்கும். நிறம் மாறுகிற ஜெல்லை வாங்கி, மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போட வேண்டும். அதைவிட, ஈரப்பதத்தை 40, 45இல் நிறுத்துகிற டிரை கேபினட் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துவிடலாம். அதைச் சொன்னால் முகம் சுண்டிப்போகிறது. வீட்டு மூலையில் நிற்கிற அலமாரியை ஏரிக்கரையில் யார் பார்க்கப்போகிறார்கள்?

இதெல்லாம் அவர் காசு, அவர் லென்ஸ், அவர் பாடு. ஊராருக்கு என்ன என்று கேட்டால், கூடப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்போதைக்கு இருக்கட்டும் என்று அவர் வாங்கி வைத்திருக்கும் பைகளிலேயே நீளமானது காரின் பின்சீட்டில் ஜன்னலோரம் படுத்துக்கொள்ளும். “சார், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கோங்க, அது குலுங்கக் கூடாது” என்பார். மனிதர்கள் குலுங்கலாம். கரைக்குப் போனதும் எல்லோரும் மூச்சை அடக்கி நிற்கிற நேரத்தில் வெல்க்ரோவை இழுப்பார். பழைய வேட்டியைக் கிழிக்கிற சத்தம். எதிரே கிளையில் இருந்த மீன்கொத்தி போயே போய்விடும். அவருக்கு மட்டுமல்ல, நாலு மணிக்கு எழுந்து வந்த அத்தனை பேருக்கும். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “அடுத்த பையில வெல்க்ரோவே இல்ல சார்” என்பதுதான் அவருடைய மன்னிப்பு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒருவருடைய பொருள்மேல் உள்ள பயத்துக்கு நாலு பேர் காலை நேரத்தைக் கட்டணமாகக் கட்டவேண்டியிருக்கிறது.

எனவே அவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கேமராவோடு சேர்த்து வைக்கிற மாதிரி மெத்தென்ற நீளப் பை ஒன்று. ஜிப்பை வண்டியிலேயே திறந்துவிடுங்கள். லென்ஸுக்கு இன்சூரன்ஸ், வீட்டில் டிரை கேபினட். கெட்டிப் பெட்டி தேவைப்படுகிற பயணம் வந்தால் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். மிச்சப்படுகிற காசில் ஒரு தடவை வண்டிக்கு டீசல் போடுங்கள். ஜன்னலோரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து வரட்டும்.