கொப்பி ஒன்று வேறாக வைக்காதவர்களுக்கு

எனது இல.: இல்லை.
உமது இல.: 2023 மே 17க்கும் ஓகஸ்ட் 26க்கும் இடைப்பட்டதாயின் தேடிக் களைக்க வேண்டாம்.

பணிப்பாளர் சபையினர்,
இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம்,
கொழும்பு.

கனம் ஐயா, அம்மணி,

அரச மின்னஞ்சல்களைப் பறிகொடுத்தமைக்கு நன்றி நவிலல்

நாடே டிஜிட்டல் ஆகிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தக் கடிதம் 50 ரூபா முத்திரை ஒட்டிய உறையில் உங்களிடம் வருகிறது. பொறுத்தருள வேண்டும். நீங்கள் நடத்தும் மின்னஞ்சலுக்கே எழுதியிருக்கலாம்தான். ஆனால் தபாலில் போட்ட கடிதம் பிந்தி வரும், மழையில் நனைந்து வரும், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சுற்றியும் வரும். மூன்று மாதத்துக் கடிதங்கள் ஒரே சனிக்கிழமையில் மொத்தமாகப் போனதாக எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

அந்தச் சனிக்கிழமை 2023 ஓகஸ்ட் 26. கண்டியில் பெரஹரா காலம், அரச அலுவலகங்களுக்கு வார விடுமுறை. கணினியைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் கப்பக்காரருக்கு விடுமுறை இல்லைபோலும். லங்கா கவர்ன்மெண்ட் கிளவுட் என்று நீங்கள் பெயர் சூட்டிய அரச கணினித் தொகுதிக்குள் அவர் புகுந்தார்; கோப்புகளைப் பூட்டினார்; திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார். கவ் டொட் எல்கே என்று முடியும் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் சிக்கின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் தொகுதியை மீட்டுவிட்டோம் என்று அறிவித்தீர்கள். தொகுதி வந்தது, உள்ளே இருந்த கடிதங்கள் வரவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை அரசாங்கத்துக்கு யார் என்ன எழுதினார்கள், அரசாங்கம் என்ன பதில் சொன்னது என்பது அந்த மின்னஞ்சல் பெட்டிகளுக்குத் தெரியாது. வீட்டை எழுப்பிவிட்டோம், பொருள் மட்டும் போய்விட்டது என்பதுபோல அவ்வளவு நிதானமாக நீங்கள் அதைச் சொன்ன விதம் என்னைக் கவர்ந்தது.

காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். நன்றி நவிலல் என்று தலைப்பிட்டது அதற்காகவும்தான். நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேன்ஜ் 2013 என்ற பழைய பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. அந்தத் திகதி திடீரென்று வந்து விழுந்ததல்ல. பல வருடங்களுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். நம் நாட்டில் அது சித்திரைப் புத்தாண்டு வரும் கிழமை. கொக்கிஸ் பொரிக்கும் நேரத்தில் யார் சேர்வரைப் பார்ப்பது? புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலேயே இருந்ததாம். பணமும் போதவில்லை, முந்திய சபையின் சில தீர்மானங்களும் தடையாக இருந்தனவாம்.

பணம் இல்லை என்பதை நான் மறுக்கமாட்டேன். 2022இல் இந்த நாடு கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்ததை பெட்ரோல் வரிசையில் நின்று கேட்டவர்கள் நாங்கள். மென்பொருள் உரிமம் டொலர் கேட்கும், சரி. ஆனால் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, வேறோர் அறையில் வைத்துப் பூட்டுவதற்கு எந்த நாணய நிதியத்தின் அனுமதி வேண்டும்? உங்கள் கணக்கில் பிரதி இருந்தது. அது அதே வலையமைப்பில், அதே கப்பக்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் மூலத்தைப் பூட்டிய கையோடு பிரதியையும் பூட்டினார்.

இதை எங்கள் ஊர்ப் பாஷையில் விளங்கப்படுத்துகிறேன். அக்குறணை நகரம் ஏ9 வீதியில் இருக்கிறது, பக்கத்திலேயே பிங்கா ஓயா. மேலே கடும் மழை பெய்தால் ஓயா வீதிக்கு ஏறும், வீதியிலிருந்து கடைக்குள் வரும். இது எங்களுக்குச் செய்தி அல்ல, வருடாந்த விருந்தாளி. பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியாரின் கடையில் தண்ணீர் வரும் அறிகுறி தெரிந்ததும் பையன் முதலில் தூக்குவது பெயின்ட் வாளியை அல்ல, கடன் கொப்பியை. அந்தக் கொப்பிக்கு இன்னொரு கொப்பி வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குக் கடை மூடும் முன் இரண்டையும் ஒத்துப்பார்ப்பார்கள். உங்கள் கதையை அவரிடம் சொன்னேன்.

"கொப்பி ஒண்டு வேறயா வெச்சில்லையா?" என்று கேட்டார்.

"வெச்சிருந்தாங்க ஹாஜியார். ஆனா அதுவும் அதே இடத்திலதான்."

"ரெண்டு கொப்பியும் ஒரே லாச்சிக்குள்ளயா?"

"ஓ."

கொஞ்சம் யோசித்தார். "அவங்கள எங்கட கடைக்கு ஒரு மாசம் அனுப்பச் சொல்லுங்க தம்பி. சம்பளமும் குடுக்கலாம்" என்றார். அழைப்பை இத்தால் முறைப்படி அறியத்தருகிறேன். மதியச் சாப்பாடு கடையிலேயே.

பிறகு, அன்றாடப் பிரதியை வலையமைப்புக்கு வெளியே எடுத்து வைப்போம், பதிப்பைப் புதுப்பிப்போம் என்று அறிவித்தீர்கள். ஹாஜியாருக்கு இதையும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆணி நிறுக்கப் போய்விட்டார்.

போனது எது என்று பார்த்தால் சாதாரண மாதங்களும் இல்லை. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியல் வெளியாகி, பெயர் விடுபட்டவர்கள் பிரதேச செயலகங்களை மொய்த்தது அந்த நாட்களில்தான். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் அந்த நாட்களில். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துகளின் தரம் பற்றி நாடே கேள்வி கேட்டதும் அப்போதுதான். எதற்கும் எதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை. பொறாமைக்காரர் யாராவது போட்டால் அவர்களுக்குக் காட்ட உங்களிடம் கடிதம் இருக்க வேண்டுமே என்ற கவலைதான்.

அதிலும் ஒரு சுவையான விடயம் உண்டு. அரச அலுவலகப் பெயர்ப்பலகைகளையும் கடிதத் தலைப்புகளையும் பாருங்கள். இன்னும் எத்தனையோ இடங்களில் ஜிமெயில், யாஹூ முகவரிகள்தான். அரச முகவரியைப் பாவிக்கச் சொன்னபோது சொல் கேட்காத அந்த அதிகாரிகளுடைய கடிதங்கள் ஓகஸ்ட் 27 காலையிலும் அப்படியே இருந்தன. சொல் கேட்டவர்கள்தான் வெறும் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

யாஹூ பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. உங்கள் ஆறுதலுக்காக அந்தக் கதையையும் சேர்க்கிறேன், நீங்கள் தனியாக இல்லை. 2013 ஓகஸ்டில் யாஹூவில் களவு போனது. நிறுவனம் அதை உலகுக்குச் சொன்னது 2016 டிசம்பரில். முதலில் 100 கோடிக் கணக்குகள் என்றார்கள். 2017 ஒக்டோபரில் திருத்திச் சொன்னார்கள்: 300 கோடி, அதாவது அன்று இருந்த எல்லாக் கணக்குகளும். 2014இல் நடந்த இன்னொரு களவில் 50 கோடிக் கணக்குகள் தனியாகப் போயிருந்தன. அதற்காக ரஷ்ய உளவுத்துறை அதிகாரிகள் இருவர் மீது அமெரிக்கா வழக்கே தொடுத்தது. வாங்க வந்த வெரைசன் நிறுவனம் விலையில் 35 கோடி டொலரைக் குறைத்தது. களவை மறைத்து வைத்ததற்காக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு 2018இல் 3.5 கோடி டொலர் தண்டம் போட்டது. பாவனையாளர்கள் வழக்குப் போட்டு 11.75 கோடி டொலருக்கு இணக்கம் கண்டார்கள். அதில் பங்கு அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் வசித்தவர்களுக்கு மட்டும். ஜித்தாவிலும் தோஹாவிலும் உழைத்தவர்களுக்கு நெட் கபேயில் மணித்தியாலக் காசு கொடுத்து மடல் தட்டிய எங்கள் ஊர் யாஹூக்காரர்களின் பங்கு, களவு போனதோடு சரி.

ஆனாலும் அங்கே அலட்சியத்துக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டினார்கள். இங்கே என்ன ஒட்டினோம்? யாஹூக் கள்வன் கடிதத்தைப் பார்த்துவிட்டு இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் சாதனை தனி ரகம்.

கள்வர் பற்றிப் பேசும்போது எங்கள் மாவட்டத்துப் பையன் ஒருவனை விட்டுவிடக் கூடாது. 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்தில் யாரோ புகுந்து செய்தி எழுதிவிட்டுப் போனார்கள். உயர்தரப் பரீட்சையைப் புத்தாண்டு வரும் ஏப்ரலில் வைக்காதே என்பது ஒரு கோரிக்கை. இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனி, இல்லாவிட்டால் இணைய யுத்தத்துக்கு முகங்கொடுக்க நேரும் என்பது இன்னொன்று. சில நாட்களில் பொலிஸார் கடுகண்ணாவையில் 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் செய்தது குற்றம்தான்; 2007இன் கணினிக் குற்றச் சட்டம் அதற்குத்தானே இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது கோரிக்கையை யாராவது கோப்பில் சேர்த்தார்களா? ஏழு வருடம் கழித்து, அதே ஓகஸ்ட் மாதத்தில், உங்கள் சபை சொன்ன விளக்கத்தைவிட அந்தப் பையனின் எச்சரிக்கை தெளிவாக இருந்தது. ஆலோசகராக வைத்திருந்தால் செலவும் குறைவு.

இவ்வளவும் பழைய கதை, இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். 2023 ஓகஸ்ட் 4ஆம் திகதி, அதாவது கப்பக்காரர் வருவதற்கு மூன்று கிழமைக்கு முன்பு, இலங்கையரின் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்காக இந்தியா 45 கோடி இந்திய ரூபாயை முற்பணமாகக் கையளித்தது. முகம், விரல் ரேகை, கண் பாவை எல்லாம் பதிவாகப்போகும் திட்டம் அது. ஒரே மாதத்தில் ஒரு கையால் எங்கள் கண்ணைக் கேட்டீர்கள், மறு கையால் உங்கள் கடிதங்களைத் தொலைத்தீர்கள். யாஹூவில் களவுபோனவற்றில் பாதுகாப்புக் கேள்விகளின் பதில்களும் இருந்தன. உம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் மாதிரி. கடவுச்சொல் போனால் வேறு வைக்கலாம். உம்மாவின் பெயரையே மாற்ற முடியாதவர்கள் கண் பாவையை எப்படி மாற்றுவது?

எங்களைக் காக்கத்தான் சட்டம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவு களவுபோனால் அறிவிக்க வேண்டும் என்ற கடமையும் அதில் உண்டு. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்தத் திகதி நெருங்கியதும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் தரவு கசிந்தால் 72 மணித்தியாலத்துக்குள் கண்காணிப்பு அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டும். நாங்கள் உங்கள் ஓகஸ்ட் சம்பவத்தை செப்டெம்பரில் பத்திரிகையில் வாசித்தோம்.

எங்கள் பக்கமும் வெள்ளை இல்லை. நகரில் எந்த கொமியூனிகேஷன் கடைக்கும் போங்கள். கணினித் திரை முழுக்க ஊராரின் அடையாள அட்டைப் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், மாமிமாரின் கடவுச்சீட்டு விண்ணப்பங்கள். கடைப் பையனுக்கு அவர்களது கடவுச்சொற்கள் மனப்பாடம், ஏனென்றால் வைத்துக்கொடுத்ததே அவன்தான். பழுதாய்ப் போன போட்டோப் பிரதியின் பின்பக்கத்தில் அடுத்தவருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறான். ஆனால் ஒவ்வொரு படிவத்துக்கும் அடையாள அட்டைப் பிரதி இரண்டு கேட்டு இந்தக் கலாசாரத்தை வளர்த்தது அவனல்ல. எந்தப் பெரிய மேசைக்கு அது போகிறது, எப்போது அழிக்கிறார்கள் என்று எந்தப் படிவத்திலும் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே நன்றியோடு சில கேள்விகளும். அந்தக் காலப்பகுதியில் எந்தெந்த அலுவலகங்களின் அஞ்சல்கள் அழிந்தன? அவற்றில் பொதுமக்கள் அனுப்பிய விண்ணப்பங்களும் முறைப்பாடுகளும் இருந்தனவா? இருந்திருந்தால் அவர்களில் ஒருவருக்காவது அறிவித்தீர்களா? கப்பக்காரர் பூட்டியதோடு நின்றாரா, பிரதி எடுத்துக்கொண்டும் போனாரா? வலையமைப்புக்கு வெளியே எடுத்து வைப்போம் என்ற அன்றாடப் பிரதி இன்று எங்கே இருக்கிறது, அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் எங்கள் விரலையும் கண்ணையும் பதிய மாட்டோம் என்று எழுத்தில் தருவீர்களா?

இதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான கோரிக்கையாகவும் ஏற்றுக்கொள்ளவும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதிலைத் தமிழில் அனுப்புங்கள், ஊராருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
அக்குறணைவாசி
(அடையாள அட்டை இலக்கம் உங்களிடம் இருக்கும், இல்லாவிட்டால் அதையும் அறியத்தரவும்.)