மைனஸ் மாமா

பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாமல் மைனஸ் மாமா வாசப்படி இறங்குவதில்லை. கல்யாண வீட்டிலும் பட்டு வேட்டி மடிப்புக்குள் அது இருக்கும். எங்கோ ஒரு வண்டி மக்கர் பண்ணுகிறது என்று காதில் விழுந்தால் பாயசத்துக்குக்கூட உட்கார மாட்டார்.

"மைனஸக் கழட்டு மாப்ள. பத்து நிமிஷம் சும்மா விடு. மாட்டு. அம்புட்டுதான்."

டிராக்டர் உறுமவில்லையா, மைனஸ். ஏசி குளிரவில்லையா, மைனஸ். வைப்பர் ரப்பர் தேய்ந்து கண்ணாடியைக் கீறிய வண்டிக்கும் மைனஸைக் கழட்டியவர். உண்மையைச் சொன்னால் பாதி வண்டி கிளம்பியும் விடும். பச்சை பூத்த பேட்டரி முனையைக் கழட்டித் துடைத்து இறுக்கினால் கிளம்பாமல் என்ன செய்யும்? வேலை செய்தது துடைத்த துணி, பெயர் வாங்கியது அந்தப் பத்து நிமிஷம்.

எங்கள் மல்லாங்கிணற்றில் பிளக் சொருகிச் சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட் கார் என் கண்ணில் பட்டதில்லை. நல்லது. அதன் ஆரஞ்சு வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், மாமா அதிலும் மைனஸ் தேடுவார். ஊருக்குள் வந்திருப்பது குட்டி ஹைபிரிட்கள்தான். 2015-ல் மாருதி சியாஸிலும் எர்டிகாவிலும் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளிடமும் இந்த ரகம் உண்டு. வண்டி நின்று நியூட்ரலுக்கு வந்தால் என்ஜின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் எழும். (நம்மூரில் சிக்னல் ஏது என்று கேட்காதீர்கள். ஆட்டு மந்தை குறுக்கே வரும்.)

இந்த மாதிரி வண்டிகளில் மாமாவின் அபிமான மைனஸ் முனையிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து, பேட்டரிக்குள் போகிற வருகிற கரண்டைக் கணக்கெழுதுகிறது. பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பட்டால் கம்ப்யூட்டர் என்ஜினை அணைக்க விடாது. கரிசல்காட்டு வெயிலில் பேட்டரி சீக்கிரமே தளரும். புதுசு போட்டால் பல வண்டிகளில் ஸ்கேனரைச் சொருகி அந்தச் சேதியைப் பதிய வேண்டும். பதியாவிட்டால், தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும் ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி பழைய பேட்டரியே கணக்கில் நிற்கும். மைனஸைக் கழட்டினால் அழிகிற கணக்கு இல்லை அது.

தம்பி வண்டியும் இந்த ரகம்தான். அதற்குப் புது பேட்டரி மாட்டிய அன்று மாமா ஆஜர். ஸ்கேனர் இருக்கும் கடைக்கு விருதுநகர் போய்வருகிறேன் என்றான் தம்பி.

"விருதுநகரா? டீசல் என்ன ஓசியிலயா ஊத்துறான்?"

ஸ்பேனர் வெளியே வந்தது. அந்தப் பத்து நிமிஷம்தான் மாமா வாழ்கிற நேரம். யாரும் கதவைத் திறக்கக் கூடாது, சாவியைத் தொடக் கூடாது, டீ மட்டும் வரலாம். அருப்புக்கோட்டை மெக்கானிக்குகள் கைவிட்ட அம்பாசடர், காரியாபட்டி ரோட்டில் நடுராத்திரி நின்ற நெல் லாரி என்று வெற்றிகள் வரிசையாக வரும். பத்து நிமிஷம் என்பது கதை முடிகிற வரைக்கும்.

மாட்டினார். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போனது. சேர்த்து வைத்த ரேடியோ ஸ்டேஷன் போனது. ஒரே அமுக்கில் ஏறுகிற டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றது. அணைய வேண்டிய என்ஜின் மட்டும் அணையவில்லை.

"பாத்தியா, எல்லாம் கிளீனாயிருச்சு!"

ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் டார்ச்சோடு வருகிற மனுஷர், அதை மறுக்கவில்லை. ஆனால் தெரியாது என்று ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அடுத்தவன் வண்டி, அடுத்தவன் பேட்டரி, அடுத்தவன் ஞாயிற்றுக்கிழமை. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் தம்பி விருதுநகர் போனான். ஸ்கேனரைச் சொருகினார்கள், பதிந்தார்கள், முடிந்தது. எப்படியோ மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் முதல்ல கழட்டி வச்சதாலதான மாப்ள, மிஷின் டக்குனு புடிச்சிருக்கு!"

தம்பி பவ்யமாகத் தலையாட்டினான். பெண் கொடுத்தவரிடம் வேறு எதை ஆட்டுவது?