65 அங்குல மாப்ளைக்கு ஒரு புத்திமதி

மாப்ளே, சுவத்தை மறைச்சு 65 அங்குலத்துல டிவி வாங்கி மாட்டிட்டியாம். ரொம்ப சந்தோசம். தவணை கட்டப்போறது நீ, ஓசியில பாக்கப்போறது நான், எனக்கென்ன வந்துச்சு? ஆனா அதுல பழைய படமா போட்டுப் பாக்குறேன்னு உக்காந்திருக்கியாம். "அண்ணே, அவன் ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் கேள்விப்படாத கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுக்கிட்டுத் தனியா சிரிக்கிறான்"னு என் தங்கச்சி போன்ல அழுகாத குறை. அதான் நாலு வார்த்தை சொல்லிவைக்கிறேன். டூரிங் கொட்டகையில கார்பன் குச்சி மாத்தி மாத்திக் கண்ணைக் கெடுத்துக்கிட்டவன் நான். கேக்குறதும் கேக்காததும் உன் பாடு.

முதல் யோசனை: டிவி வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுக்க, ஒரு பட்டனைத் தொடாதே. கம்பெனிக்காரன் உன்னைவிட விவரம் தெரிஞ்சவன். சினிமாக்காரன் செகண்டுக்கு 24 படம்னு கணக்கா எடுத்துவச்சான். உன் டிவிக்கு அது போதாது. ரெண்டு படத்துக்கு நடுவுல இல்லாத படத்தை எல்லாம் அதுவே வரைஞ்சு சொருகும். அசைவு வழவழன்னு வழுக்கிக்கிட்டு ஓடும். எம்.ஜி.ஆரும் நம்பியாரும் கத்தி சுத்துனா, மத்தியானச் சீரியல்ல மாமியாரும் மருமகளும் கரண்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். நல்லாத்தானே இருக்கு? அனுபவி.

ரெண்டாவது, ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை விழுதேன்னு கவலைப்பட்டியாமே. நியாயம்தான். காசு குடுத்து வாங்குன கண்ணாடியில ஏறக்குறைய கால்வாசி சும்மா கெடந்தா யாருக்குத்தான் வயிறு எரியாது? 1950கள்ல வந்த நம்ம படம் முக்கால்வாசி அப்படித்தான் மாப்ளே. உயரம் ஒண்ணுன்னா அகலம் 1.37, கிட்டத்தட்ட சதுரம். தமிழ்ல சினிமாஸ்கோப்புன்னு முதமுதல்ல அகலத் திரை கண்டது 1973ல, 'ராஜராஜ சோழன்'ல. அதுக்காக நீ விட்டுருவியா? ரிமோட்டை எடு, இழுத்து விடு. பானுமதியம்மா ரெண்டு சுத்துப் பெருப்பாங்க, வண்டிச் சக்கரம் முட்டையாயிரும். இல்லேன்னா பெரிசாக்குற பட்டன் இருக்கு, அதை அமுக்கு. பட்டை மறையும், கூடவே ஆளோட தலையும் காலும் மறையும். நாட்டியப் படத்துல காலை வெட்டிட்டு மிச்சத்தை வச்சு என்ன பண்றதுன்னு கேக்காதே, எனக்கும் தெரியாது.

மூணாவதா, திரை முழுக்கப் பொடிப்பொடியா ஏதோ அசையுதுன்னு அதைத் துடைக்கிற வசதியைப் போட்டுவிட்டியாம். கெட்டிக்காரன். அது அழுக்கு இல்லே மாப்ளே, வெள்ளி. கறுப்பு வெள்ளைப் பிலிம்ல வெளிச்சம் பட்ட எடத்துல தங்குற வெள்ளித்துகள். மூஞ்சி, புருவம், கன்னத்துல வழியிற கண்ணீர் எல்லாமே அந்தத் துகள்தான். அதைத் துடைச்சா மூஞ்சியும் சேந்து போகும், ஜவுளிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மைதான் மிஞ்சும். எங்க காலத்துல பிலிம்ல கீறல் விழுந்தா "மழை பெய்யுது"ம்பாங்க. அந்த மழையைத் தொடைக்கலாம், தப்பில்லே. மழையோட வீட்டையும் தொடைச்சு எடுத்துட்டா எப்படி?

அந்த வெள்ளிதான் பாதிப் படத்துக்கு எமன். ஓடி முடிஞ்ச பிரிண்டு ஊர் திரும்பி வந்தா மூட்டை கட்டி எடைக்குப் போட்டுருவாங்க, உருக்கி வெள்ளி எடுக்க. எத்தனை கதாநாயகி இன்னிக்கு யார் கால்ல கொலுசாக் கெடக்காளோ! 1931ல வந்த நம்ம முதல் பேசும்படம் 'காளிதாஸ்'. பேச்சு வந்த பெருமை இருக்கு, பாக்கிறதுக்கு ஒரு அடி பிலிம் கெடையாது. அதை நீ எவ்வளவு துல்லியமான டிவில பாக்க நெனைச்சாலும் ஒண்ணுதான்.

நீ வச்சிருக்கியே பழைய விசிடி, அதையும் இந்த டிவில போட்டுப் பாத்தியா? விசிடி படத்துக்கு 352க்கு 288 புள்ளி. பெருக்கிப் பாத்தா ஒரு லட்சம் தேறும். உன் டிவில 82 லட்சத்துக்கு மேல. ஒரு லட்சத்தை வாங்கிக்கிட்டு மிச்சம் 81 லட்சத்தை டிவியே கதை கட்டி நிரப்புது. எங்க ஊர்ல அப்படிக் கதை கட்டுறவனுக்கு வேற பேர் வச்சிருக்கோம். 35 எம்.எம். நெகட்டிவை ஒழுங்கா ஸ்கேன் பண்ணி எடுத்தா உன் திரை கேக்குற அளவுக்கு விவரம் அதுக்குள்ளயே இருக்கு. பழசுன்னா மங்கல்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. பழசு மங்கல் இல்லே மாப்ளே. உனக்கு வந்து சேந்த நகலோட நகலோட நகல்தான் மங்கல்.

அமெரிக்காவுல இருந்து ஒரு ப்ளூ-ரே டப்பா வரவழைச்சியே, அந்தக் கதையும் காதுக்கு வந்துச்சு. ஸ்கார்செசிங்கிறவர் ஊர் ஊரா அனாதைப் படங்களைத் தேடிச் சீர்பண்ணி விடுறாரே, அந்த வரிசையில நாலாவது தொகுப்பு. ஆறு படம், ஆறு தேசம். பிரிச்சுப் போட்டா பிளேயர் முறைக்குதாம். முறைக்காதா பின்னே? அந்த வட்டு ஏ மண்டலம், இங்க விக்கிற பிளேயர் சி மண்டலம். சாதி பாத்துச் சம்பந்தம் பண்ற ஊர்ல பொறந்துட்டு இதுக்குப் போய் ஆச்சரியப்படுறியே! எல்லா மண்டலத்தையும் படிக்கிற பிளேயர் ஒண்ணு பாத்து வாங்கு. வாங்கிட்டுச் சொல்லு, வரேன். அதுல ஒரு படம் நான் பாத்தே ஆகணும்.

'கல்பனா'. 1948. நாட்டியக்காரர் உதயசங்கர் எடுத்தது. பாஷை இந்தி, ஆனா எடுத்த எடம் நம்ம மெட்ராஸ் ஜெமினி ஸ்டுடியோ. இன்னிக்கு மேம்பாலத்துக்குப் பேர் குடுத்துட்டுக் காணாமப்போச்சே, அதே ஜெமினிதான். கேமரா கே. ராம்நாத். நம்ம பத்மினி முதமுதல்ல திரையில ஆடினது அதுலதான். அதே வருசம் அதே ஸ்டுடியோவுல இருந்து அதோட முதலாளி வாசன் 'சந்திரலேகா'வை விட்டாரு. முரசு மேல ஏறி ஆடினதை நாடே வாயைப் பொளந்து பாத்துச்சு. 'கல்பனா'வை யாரும் சீண்டலே. வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்துல கதையே அதுதான். ஒருத்தன் சினிமா முதலாளிகிட்டப் போய்த் தன் கனவைக் கதையாச் சொல்றான், முதலாளி வேணாம்னு அனுப்பிடுறாரு. வெளியில ஜனமும் அதையே சொல்லிருச்சு. முதலாளி தீர்க்கதரிசி.

அதுல ஒரு ஆட்டம் வரும், தொழிலாளியும் எந்திரமும். வரிசையா ஆளுங்க நின்னு, கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம்னு வெட்டி வெட்டி அசைச்சு, கொஞ்ச நேரத்துல ஆளு யாரு எந்திரம் எதுன்னு தெரியாமப் போயிரும். மங்குன பிரிண்டுல பாத்தா ஏதோ கும்பல் குதிக்குதுன்னு தோணும். நல்ல பிரதியில பாத்தாத்தான் ஒவ்வொருத்தன் மணிக்கட்டும் தனித்தனியா மடங்குறது தெரியும், மேல நிழல் எங்க விழுது, அதை எதுக்கு விட்டுவச்சிருக்காங்கன்னு புரியும். உன் டிவியோட அந்த வழவழப்பு வேலையை இங்க போட்டுவிட்டேன்னு வையி, வெட்டு போயிரும். வெட்டு போனா ஆட்டமே போச்சு.

அது பிழைச்ச கதையையும் கேளு. புனே திரைப்படக் காப்பகத்துல ஒரு டூப் நெகட்டிவும் ஒரு பாசிட்டிவ் பிரிண்டும் கெடந்துச்சு. அதை வச்சு இத்தாலியில போலோக்னாவுல சீர்பண்ணி, 2012ல கான்ஸ் விழாவுல போட்டாங்க. உதயசங்கரோட சம்சாரம் அமலா சங்கர், படத்துல கூட ஆடினவங்க, 90 வயசு தாண்டி அங்க போய் உக்காந்து பாத்தாங்க. 64 வருசம் கழிச்சுக் கைதட்டு! நீ இன்னிக்கு வாங்குன போனுக்கு 64 மாசம் உத்தரவாதம் உண்டா?

அதே டப்பாவுல ஈரான் படம் ஒண்ணு இருக்கு. 1976ல அஸ்லானிங்கிறவர் எடுத்தது, ஆங்கிலத்துல 'செஸ் ஆஃப் தி விண்ட்'னு போட்டிருக்கும். முதல் காட்சியிலயே ரீலை மாத்தி மாத்தி ஓட்டிட்டாங்கன்னு சொல்றாங்க. பாவி ஆபரேட்டர்! படம் சந்தி சிரிச்சுப் போச்சு. அப்புறம் புரட்சி வந்து தடையும் போட்டாச்சு. போச்சுன்னு கைகழுவுன படத்தோட நெகட்டிவ் 2014ல டெஹ்ரான்ல ஒரு பழைய சாமான் கடையில கெடைச்சுச்சு. எங்க ஊர்ல ஒரு ஆபரேட்டர் இருந்தாரு, பேர் வேணாம். கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்னா சோகப்பாட்டைத் தாண்டி ஓட்டிருவாரு. வெட்டின துண்டைப் பையனுங்க அஞ்சு காசுக்கு வாங்கி லென்ஸ் வச்சுப் பாப்பாங்க. சீர்பண்றவன் எதுக்கு நாலு ஊர்ப் பிரிண்டை வச்சுக்கிட்டு மாரடிக்கிறான்னு கேக்குறியே, இதுக்குத்தான். ஒரு ஊர்ல வெட்டினது இன்னொரு ஊர்ல இருக்கும்.

வெட்டினாப் பரவாயில்லே, கருகினா? சத்யஜித் ராயோட அப்பு படம் மூணோட நெகட்டிவும் 1993ல லண்டன்ல தீப்புடிச்ச எடத்துல மாட்டிக்கிச்சு. நொறுங்கிப்போன சுருளுக்கு ஈரம் ஏத்தி, கையால ஒட்டி, 'பதேர் பாஞ்சாலி'யில 40 சதவீதம்போல அந்தக் கருகுன நெகட்டிவுல இருந்தே மீட்டாங்க, அதே போலோக்னாக்காரங்கதான்.

சரி, நம்ம சரக்குக்கு வா. 'அந்த நாள்' பாரு. 1954, ஏவிஎம், வீணை எஸ். பாலசந்தர். பாட்டு இல்லே, நாட்டியம் இல்லே, சண்டை இல்லே. எடுத்த எடுப்புல சிவாஜியைச் சுட்டுக் கொன்னுடுறாங்க. அவரும் யோக்கியர் இல்லே, ஜப்பான்காரனுக்குத் துப்பு குடுக்கிற ஆளு. கதையைச் சொல்லிட்டேன்னு கோவிச்சுக்காதே, 70 வருசம் பொறுத்துட்டுத்தான் சொல்றேன். அதுல பாக்கவேண்டியது இருட்டு. டியூப்லைட்டை அணைச்சிட்டு உக்காரு. "ஒண்ணும் தெரியலையே"ன்னு பிரைட்னஸைக் கூட்டாதே. கேமரா மாருதி ராவ் இருட்டுக்குச் சம்பளம் வாங்குன மனுசன். நீ பிரைட்னஸைக் கூட்டக்கூட்ட அவர் சம்பளத்தைப் புடிக்கிறே.

ஒண்ணு ஒத்துக்கிறேன். நல்ல பிரதியில பாத்தா மானம் போற எடமும் உண்டு. நெத்தியில டோப்பா விளிம்பு தெரியும். ராஜாவோட மார்புக் கவசம் அட்டைன்னு தெரியும். ஆகாசத்துல துணி மடிப்பு விழுந்திருக்கும். சிரிக்கணும்னா சிரிச்சுக்க. ஆனா சிரிச்சுக்கிட்டே அந்த மடிப்பையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தியானா, முன்னால நடிச்சுக்கிட்டிருக்கிற ஆளை விட்டுருவே. மாப்பிள்ளை பாக்கப் போய்ப் பந்தல்கால் எண்ணுன கேஸ் நம்ம குடும்பத்துலயே இருக்கு.

இன்னொரு சங்கதி. பெரிய நட்சத்திரம்னா துடைச்சு விட ஆள் வரும். 'கர்ணன்' 1964ல வந்தது, சுத்தம் பண்ணி 2012ல விட்டாங்க, நூறு நாளைத் தாண்டி ஓடுச்சு. சபாஷ். ருத்ரய்யாவோட 'அவள் அப்படித்தான்', நிமாய் கோஷோட 'பாதை தெரியுது பார்', ஜெயகாந்தனோட 'உன்னைப்போல் ஒருவன்'? இதையெல்லாம் நெகட்டிவுல இருந்து எடுத்த நல்ல பிரதியில பாத்தவன் கையைத் தூக்கு பாப்போம். கெடைக்கிற கோலத்துல மூலையில ஒரு சேனல் முத்திரை, அடியில நகைக்கடை விளம்பரம். காப்பகம் வேணும் காப்பகம் வேணும்னு பாலு மகேந்திரா கடைசிவரைக்கும் கத்திக்கிட்டிருந்தாரு. குஜராத்துல பால் ஊத்துற சம்சாரிங்க 5 லட்சம் பேர் ஆளுக்கு ரெண்டு ரூபா போட்டு 1976ல 'மந்தன்' எடுக்கவச்சாங்க, அது சீர்பட்டு 2024ல கான்ஸ் போச்சு. நம்ம ஊர்ல ஆளுக்கு ரெண்டு ரூபா வசூல் பண்ணிப் பாரு, சாயங்காலத்துக்குள்ள ஃபிளெக்ஸ் ஆயிரும்.

ஆனதால உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். நம்ம கொட்டகை முதலாளி வீட்டுப் பரண்ல நாலஞ்சு தகர டப்பா கெடக்கு. பேரன் எடைக்குப் போடலாமான்னு என்னைக் கேட்டான், என் மாப்ளை பெரிய ரசிகன், 65 அங்குலம் வச்சிருக்கான், அவன் வந்து பாத்துச் சொல்வான்னு நிறுத்தி வச்சிருக்கேன். மூடியைத் தொறந்ததும் முதல்ல மோந்து பாரு. காடி வாடை அடிச்சா பிலிம் புளிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், வெயில் படாம, குளுமையா, ஈரமில்லாத எடமா பாத்து வைக்கணும். உங்க அம்மா ஃபிரிட்ஜுல மாவுக்குப் பக்கத்துல சொருகாதே, வீட்டுல ரெண்டு புளிப்புக்கு எடமில்லே. 50களுக்கு முந்தினதுன்னு தெரிஞ்சா கையே வைக்காதே, அது நைட்ரேட்டா இருக்கலாம், தீப்புடிச்சா தண்ணிக்கும் அடங்காது. உங்க சித்தப்பனைப் பீடியோட பக்கத்துல விடாதே. பஸ்ல ஏத்தவே ஏத்தாதே. புனே காப்பகத்துக்கு எழுதிக் கேட்டுட்டு அவங்க சொல்றபடி செய்யி.

ஞாயித்துக்கிழமை காலையில வா, ஏணியை நான் புடிச்சுக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டுட்டு வராதே. அந்தப் பரண்ல பூனை குட்டி போட்டிருக்கு, தாய்ப்பூனைக்குச் சினிமாக்காரங்களைக் கண்டா ஆகாது.