லேக் சார்ல்ஸின் வேலைக் கணக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லேக் சார்ல்ஸ் நகரை ஒட்டிய பெட்ரோ வேதியியல் வட்டாரத்தில் புதிய ஆலை அறிவிக்கப்படும்போதெல்லாம், ‘உள்ளூர் இளைஞருக்கு வேலை’ என்ற வாசகம் அடிக்கல்லுக்கு முன்பே நாட்டப்பட்டுவிடுகிறது. தென்னாப்பிரிக்க நிறுவனமான சாசோல், ஈத்தேனைக் கடும் வெப்பத்தில் உடைத்து நெகிழியின் மூலப்பொருளான எத்திலீனாக மாற்றும் ‘கிராக்கர்’ ஆலையை அங்கு நிறுவ 2014-இல் முடிவெடுத்தபோது, மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 8 பில்லியன் டாலர்; முடிவில் அது 12 பில்லியனைத் தாண்டியது. வளராமல் நின்றது வேலைவாய்ப்பு ஒன்றுதான்: கட்டுமான நாள்களில் ஆயிரக்கணக்கானோர் உழைத்த இடத்தில், வால்வும் அழுத்தமானியும் கட்டுப்பாட்டு அறையின் கணினித் திரைக்குள் அடங்கிய பின், சில நூறு நாற்காலிகளே மிஞ்சின.

இத்தகைய நாற்காலிகளுக்கு ஆள் தேற்றவே, ஆலைகளை இயக்குவோரை உருவாக்கும் ‘செயல்முறைத் தொழில்நுட்பம்’ என்ற படிப்பை அந்நகரின் சொவேலா தொழில்நுட்பக் கல்லூரி நடத்துகிறது. அதற்கான பயிற்சி மையம் அரசுப் பணத்தில் எழுந்தது. ஆனால் 1930-களிலிருந்து மாநிலத்தில் நடப்பிலுள்ள தொழில் வரிவிலக்குத் திட்டமோ, உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் படியளக்கும் சொத்து வரியையே ஆலைகளுக்குப் பல ஆண்டுகள் விட்டுக்கொடுக்கிறது. பள்ளியின் உண்டியலை ஆலைக்குக் கொடுத்தவர்களே, பள்ளி முடித்தவருக்குத் திறன் போதவில்லை என்று கவலைப்படுவதும் உண்டு. விலக்குப் பெறுவோர் வேலைவாய்ப்புக்கு உறுதியளிக்க வேண்டும் என்று 2016-இல் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் நிபந்தனை விதித்தார். 2024-இல் அடுத்த ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி அந்த நிபந்தனையை நீக்கினார், விலக்கை நீக்கவில்லை.